பிள்ளை பிறக்குமுன் தொடங்கும் ஊட்டம்

பாவு நூலுக்குக் கஞ்சி சரிவர ஏறாவிடில் தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததை முடிந்து முடிந்து நெய்வதிலேயே பொழுது கழியும். இதனை நெசவாளருக்கு நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. பிள்ளை வளர்ப்பும் இத்தன்மையதே. குழந்தை இளைத்துவிட்டது என்று இரண்டாம் வயதில் டானிக்குப் புட்டிக்கும் ஊட்டமாவு டப்பாவுக்கும் தாராளமாகச் செலவிடுகின்றோம். அக்குழந்தை கருவிலிருந்த காலத்தில் அதன் தாய் வேளைக்கு என்ன உண்டாள் என்று கேட்டால் வீட்டில் எவருக்கும் விடை தெரிவதில்லை.

முதலில் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வோம். தாய்ப்பாலில் இரும்பு மிகச் சிறிதளவே உண்டு. ஆயினும் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் வரை அதனால் குறை நேர்வதில்லை. காரணம், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது தாயின் இரத்தத்திலிருந்து இரும்பைப் பெற்றுத் தன் உடலில் சேமித்து வைத்துக்கொள்கிறது. தாயே இரத்தச் சோகையுற்றவளாயின் இச்சேமிப்புக் குன்றும். பிரசவத்தில் நேரும் இரத்தப்போக்கைத் தாங்கும் வலிமையும் அவளுக்கு இராது. தொப்புள்கொடியைப் பிறந்தவுடன் கட்டிவிடாமல் இரண்டொரு நிமிடம் பொறுத்துக் கட்டினால் மேலும் சிறிது இரத்தம் குழந்தைக்குச் சேரும் என்பதும் இவ்விடத்து அறியத் தக்கது.

நம் இல்லங்களில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் மருமகள். தார் சுற்றுவதோ களை பறிப்பதோ கர்ப்பத்தை முன்னிட்டு நின்றுவிடுவதில்லை. கருவுற்றவளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி அதிகம் வேண்டும். அதாவது நூறு கிராம் தானியம், ஒரு வேளைச் சிற்றுண்டி. பெருஞ்செலவன்று. ஆனால் பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கடினமாகும் என்று அஞ்சி அரைவயிற்றுக்கு உண்ணச் சொல்லும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் மறையவில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைதான் எளிதில் நோய்வாய்ப்படுகிறது. இவ்வழக்கத்தை விட்டொழிப்பதே நன்று.

இயற்கை முறையை விரும்பும் நாம் ஒன்றை மறைக்கலாகாது. 100 கிராம் கேழ்வரகில் இரும்பு 4 முதல் 5 மில்லிகிராம்வரைதான் உண்டு. அதிலும் உடல் ஏற்பது சிறு பங்கே. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே கீரை உண்கிறோம் என்று மாத்திரையைப் பரணில் போடுதல் அறிவுடைமையாகாது. கர்ப்பத்தில் 180 நாளும் பிரசவத்தின் பின் 180 நாளும் அதனை உட்கொள்ள வேண்டும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டாம். தேநீரும் காப்பியும் இரும்பை உடலில் சேரவொட்டாமல் தடுக்கும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர்த்துக்கொடுக்கும். உணவோடு தேநீர் அருந்தும் பழக்கத்தை ஒரு மணி நேரமேனும் தள்ளிவைத்தல் வேண்டும்.

பயிரிடுவோருக்குத் தனியே ஒரு சொல். மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் உள்ளங்கால் வழியே கொக்கிப்புழு உடலுட் புகுந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. எத்தனை கீரை உண்டும் சோகை தீராத பெண்ணுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். செருப்பு அணிக, கழிப்பறை கொள்க. புழு மருந்தை முதல் மூன்று மாதம் கழித்து மருத்துவர் சொற்படி உட்கொள்க.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தைக்குச் சீம்பால் தரவேண்டும். மஞ்சள் நிறமாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால் அதனைக் கெட்ட பால் என்று பீச்சிவிடுவோர் உளர். நோயெதிர்ப்புச் சக்தி நிறைந்த அதற்கு நிகரான பொருள் எக்கடையிலும் இல்லை. சேனை தொட்டு வைப்பது, உரைமருந்து புகட்டுவது ஆகிய வழக்கங்களில் அன்பு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலன்றி நீரும் வேண்டுவதில்லை. தேனோ ஓராண்டு வரை ஆகாது. சிசுவின் குடலில் நஞ்சை விளைக்கும் கிருமி அதில் இருத்தல் கூடும். தடுப்பூசியைப் பிறந்த அன்றே தொடங்கிவிட வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்க்குக் கர்ப்பிணியினும் மிகுதியாக, முதல் ஆறு மாதத்தில் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பத்தியம் என்று நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு. பூண்டும் பால்சுறாவும் தாராளமாகத் தருக. பருப்பு, கீரை, பழம், தண்ணீர் இவற்றை மட்டும் விலக்க வேண்டாம்.

ஆறு மாதம் நிறைந்ததும் கூழ் தொடங்கலாம். இங்கேதான் நம் கேழ்வரகின் பெருமை விளங்கும். 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இதில் உண்டு. அரிசியில் 10 அளவே. ஆனால் சாதாரண மாவு சிறிதிட்டாலும் கூழ் கெட்டியாகிவிடும். தாய் நீரை ஊற்றித் தளர்த்துவாள். குழந்தையின் சிறு வயிறு நீரால் நிரம்பிவிடும், சத்து ஏறாது. தானியத்தை முளைகட்டினால் அதன் மாப்பொருள் ஓரளவு செரித்த நிலையை எய்துவதால், இரு மடங்கு மாவிட்டாலும் கூழ் ஊட்டத் தக்க பதத்தில் நிற்கும். இரும்பை உடல் ஏற்பதும் மிகும்.

மூன்று பங்கு கேழ்வரகும் ஒரு பங்கு பாசிப்பயறும் தனித்தனியே இரவு முழுதும் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் கட்டி முளைவிடச் செய்க. நிழலில் நன்கு உலர்த்தி, வாணலியில் இலேசாக மட்டும் வறுக்க வேண்டும். கருக வறுத்தால் முளையின் குணம் கெடும். அரைத்துச் சலித்துக் காற்றுப்புகாத டப்பாவில் வைக்கலாம். கூழை நன்கு கொதிக்கவிடுவது அவசியம். முளைத்த தானியத்தில் கிருமி தங்கியிருக்கக் கூடும். இறக்கிய பின் ஒரு சிறு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்க்க. கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று ஒழுகாத பதமே சரியான பதம். முதலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதாம் மாதத்தில் மூன்று நான்கு வேளையாக்குக. மசித்த முட்டையும் முருங்கைக் கீரையும் வாழைப்பழமும் ஒவ்வொன்றாகச் சேரட்டும். தாய்ப்பால் இரண்டாண்டும் அதற்கு மேலும் தொடரலாம்.

சிசுக்களுக்கான மாற்றுப் பால்மாவையும் பால்புட்டியையும் விளம்பரம் செய்யலாகாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. அங்கன்வாடியில் மாதந்தோறும் குழந்தையை நிறுத்து அட்டையில் குறித்து வாருங்கள். பிறந்த எடை ஐந்தாம் மாதவாக்கில் இரு மடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் ஆதல் வேண்டும். கோடு இரண்டு மாதம் மேலேறாமல் நின்றால் மூன்றாம் மாதத்திற்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுக.