சதவீதத்தை விடுங்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள்

அந்தமானில், அபர்டீன் பஜார் மணிக்கூண்டிலிருந்து கீழே இறங்கினால் நேதாஜி ஸ்டேடியம். அங்கே கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஓட்டம், கபடி, சைக்கிள் என்று யார் புதிதாக வந்தாலும், "அண்ணா, எனக்கு ஃபேட் எத்தனை பர்சன்ட்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

உயிரோடிருப்பவர் உடம்பில் கொழுப்பை யாராலும் நேரடியாக நிறுத்துப் பார்க்க முடியாது. எல்லாக் கருவியும் வேறு எதையோ அளந்து, கொழுப்பை ஊகித்துத்தான் சொல்கிறது. எது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே ஏமாற்றும் என்பதும் பிடிபட்டுவிடும்.

பிஎம்ஐ: இதற்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். 170 செ.மீ. உயரம், 75 கிலோ எடையுள்ள கபடி வீரருக்குக் கிட்டத்தட்ட 26 வரும். ஆசியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே கவனம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வீரர்களிடம் இதை நான் பார்ப்பதே இல்லை.

டேப்: அமெரிக்கக் கடற்படையின் முறை இது. ஆண்களுக்கு உயரம், கழுத்து, இடுப்பு. பெண்களுக்குப் பின்புறச் சுற்றளவும் சேரும். பஜாரில் வாங்கும் தையல் டேப்பே போதும். ஆனால் பளுதூக்குபவரின் தடித்த கழுத்தைக் கண்டால், இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிவிடும்.

ஜிம் மெஷின்: மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பு காட்டும் தடையை அளக்கிறது. தடை உடம்பின் நீரைப் பொறுத்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பயிற்சி முடிந்து நனைந்த சட்டையோடு ஏறினால் வரும் எண்ணும், காலையில் ஏறினால் வரும் எண்ணும் ஒத்துப்போவதில்லை. வெறுங்காலில் ஓடிக் காய்த்துப்போன பாதமும் எண்ணை மாற்றும். கால் வழியாக மட்டும் அளக்கும் மெஷின், இடுப்புக்கு மேலே இருப்பதைப் பெரும்பாலும் ஊகித்துத்தான் சொல்கிறது.

தண்ணீருக்குள் எடை, டெக்ஸா: முன்னது உடலின் அடர்த்தியை அளக்கிறது, நுரையீரலில் மிஞ்சிய காற்றைக் கழிக்காவிட்டால் கணக்கு கெடும். டெக்ஸா எக்ஸ்ரேயால் எலும்பு, கொழுப்பு, மற்ற திசு என்று பிரித்துக் காட்டும். நல்ல கருவிதான். ஆனால் மெஷினுக்கு மெஷின் எண் மாறும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தாலும் மாறும்.

காலிப்பர்: தோல் மடிப்பின் தடிமனை அளக்கும் இடுக்கி. நான் நம்புவது இதைத்தான். வலது பக்கம், குறித்த இடத்தில் தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டும், தசை சேரக்கூடாது. விரலிலிருந்து ஒரு செ.மீ. தள்ளிக் காலிப்பரை வைத்து, இரண்டு விநாடியில் எண்ணைப் படிக்க வேண்டும். விரலைத் தளர்த்தக்கூடாது. வியர்வை இருந்தால் தோல் வழுக்கும். துடைத்துவிட்டு, பயிற்சிக்கு முன்பே எடுங்கள்.

சிக்கல், அந்த மில்லிமீட்டரைச் சதவீதமாக்கும் சூத்திரத்தில் இருக்கிறது. நெஞ்சு, வயிறு, தொடை ஆகிய மூன்று மடிப்புகளும் சேர்ந்து 20 மி.மீ. உள்ள 20 வயது ஓட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் ஜாக்சனும் பொல்லாக்கும் தந்த சூத்திரத்தில் உடலின் அடர்த்தி கண்டு, அதைச் சிரி முறையில் கொழுப்பாக மாற்றினால் 4.8 சதவீதம், ப்ரோசெக் முறையில் 5.7. மடிப்பு மாறவில்லை, எண் மாறிவிட்டது. அந்தச் சூத்திரமோ அமெரிக்க ஆண்களை அளந்து உருவானது. நம் உடம்புக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி.

இது வெறும் புள்ளி வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 1997-இல் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அவசரமாக எடை குறைக்கப்போய் இறந்தார்கள். அதன்பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் 5 சதவீதக் கொழுப்புக்குக் கீழே போகக்கூடாது என்று விதி வந்தது. மேலே சொன்ன ஓட்டக்காரர் ஒரு கணக்கில் அந்தக் கோட்டுக்குக் கீழே, இன்னொன்றில் மேலே.

அதனால் நோட்டில் சதவீதம் எழுதுவதை விட்டுவிட்டேன். மடிப்புகளின் கூட்டுத்தொகையை மி.மீ.-இல் அப்படியே குறிக்கிறேன். நீங்களும் செய்யலாம்:

- எப்போதும் ஒரே ஆள், ஒரே காலிப்பர், ஒரே நேரம்.
- ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை எடுங்கள், ஒத்துவராவிட்டால் மூன்றாவது.
- ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.
- பெண் பிள்ளைகளைப் பெண் பயிற்சியாளரே, அவர்கள் சம்மதத்தோடு, தனியாக அளக்கட்டும்.
- எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டாம், சுவரில் ஒட்டவும் வேண்டாம்.

பக்கத்திலேயே ஓட்ட நேரத்தையும் எழுதுங்கள். மடிப்பு குறைந்து நேரமும் குறைந்தால் பயிற்சி சரியாகப் போகிறது. மடிப்பு குறைந்து நேரம் கூடினால், அந்தப் பிள்ளையிடம் முதலில் நான் கேட்பது, "ஒழுங்கா சாப்பிடுறியா?" என்பதுதான்.