இயங்குநிலை மாறும்போது சேவைகள் என்னாகின்றன?
லினக்ஸ் 'இனிட்' பற்றி ஓர் அறிமுகம்

முன்னுரை

லினக்ஸ் பற்றித் தமிழில் பேசும்போது, அதை எப்படி நிறுவுவது, தமிழ் எழுத்துருவை எப்படிச் சேர்ப்பது என்பதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். கணினியை அணைக்கும் அந்த அரை நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. 2022-ஆம் ஆண்டில் ஒரு நாள் உழைப்பை அந்த அரை நிமிடத்தில் இழக்கும்வரை நானும் கேட்டதில்லை.

ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஓர் இடத்தில், நானும் மூன்று நண்பர்களும் தோட்டத்துச் சொற்களைத் திரட்டினோம். மங்கு, ஒட்டுப்பால், காண்டா வாளி, பிரட்டு போன்ற சொற்களை முதியவர்கள் விளக்கச் சொல்லி, மடிக்கணினி வழியாக ஒரு பழைய கணினியில் பதிந்தோம். அதில் 2007-இல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 5 இயங்கியது. பதிவுகளைப் பெற்றுக்கொள்ளும் சிறு சேவையை நானே பைத்தானில் எழுதியிருந்தேன். அன்று மாலை கணினியை அணைத்தேன். மறுநாள் திறந்தபோது முந்தைய நாளின் சொல் ஒன்றுகூட இல்லை. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயங்குநிலை என்றால் என்ன?

லினக்ஸ் கரு எழுந்தவுடன் தொடங்கும் முதல் நிரல் 'இனிட்'. அதன் எண் எப்போதும் 1. மற்ற நிரல்கள் எல்லாம் அதன் வழிவந்தவை. யூனிக்ஸ் 'சிஸ்டம் ஐந்து' பதிப்பின் முறையைப் பின்பற்றி, லினக்ஸுக்கான இனிட்டை மிகேல் வான் ஸ்மோரன்பர்க் எழுதினார். பல ஆண்டுகள் பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் இதையே பயன்படுத்தின.

இம்முறையில் கணினி எந்த நேரத்திலும் ஓர் இயங்குநிலையில் இருக்கும். 0 என்றால் அணைத்தல்; 1 என்றால் பழுது பார்ப்பதற்கான தனிப் பயனர் நிலை; 6 என்றால் மறுதொடக்கம். ரெட் ஹேட் வழிவந்த வெளியீடுகளில் 3 என்பது எழுத்துத் திரையுடன் கூடிய முழு இயக்கம், 5 என்பது வரைகலைத் திரையுடன் கூடியது. ஆக, கணினியை அணைப்பதும் ஓர் இயங்குநிலை மாற்றமே.

நிலை மாறும்போது நடப்பவை

'இனிட் 3' என்று கட்டளையிட்டால் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதலாவது, இனிட் தன்னுடைய 'இனிட்டேப்' கோப்பைப் பார்க்கிறது. தான் நேரடியாகத் தொடங்கிய நிரல்களில் புதிய நிலைக்கு உரியவை அல்லாதவற்றுக்கு 'முடித்துக்கொள்' என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. சில விநாடிகளில் முடிக்காதவற்றைக் கொன்றுவிடுகிறது. 5-லிருந்து 3-க்கு மாறும்போது வரைகலைத் திரை மறைவது இதனால்தான்.

இரண்டாவது, 'ஆர்சி' என்னும் சிறு நிரலை அழைக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அடைவு உண்டு. அதிலுள்ள இணைப்புகளின் பெயர்கள் 'எஸ்' அல்லது 'கே' என்ற எழுத்தில் தொடங்கும். 'கே' என்றால் நிறுத்து. 'எஸ்' என்றால் தொடங்கு. அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வரிசையைக் காட்டும். ஆர்சி முதலில் 'கே' இணைப்புகளையும் பிறகு 'எஸ்' இணைப்புகளையும் எண் வரிசைப்படி இயக்கும். ரெட் ஹேட்டில் வலையமைப்புக்கு எஸ்10, கே90. இணையச் சேவையகத்துக்கு எஸ்85, கே15. முதலில் எழுந்தது கடைசியில் படுக்கிறது. வலையமைப்பை நம்பி இயங்கும் சேவை, வலையமைப்பு போவதற்கு முன்பே நின்றுவிட வேண்டும் அல்லவா?

இரு நிலைகளிலும் தேவைப்படும் சேவையை நிறுத்தி மறுபடி தொடங்குவார்களா? இல்லை. மழை பெய்தால் தோட்டத்தில் பால் வெட்டு நிற்கும். அதற்காக ஸ்டோரில் வேலை செய்பவரை வீட்டுக்கு அனுப்பி மறுபடி அழைப்பதில்லை. அதுபோலவே 5-லிருந்து 3-க்கு மாறும்போது வலையமைப்பு தொடர்ந்து இயங்கும்.

பதிவேடு

ஒரு சேவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஆர்சிக்கு எப்படித் தெரியும்? நான் தவறிய இடம் இதுதான்.

ரெட் ஹேட் வழியில் 'சப்சிஸ்' என்றோர் அடைவு இருக்கிறது. ஒவ்வொரு சேவையும் தொடங்கும்போது தன் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை அங்கே வைக்க வேண்டும். நிற்கும்போது எடுத்துவிட வேண்டும். அந்தக் கோப்பு இருந்தால் ஆர்சி 'எஸ்' இணைப்பைத் தாண்டிச் செல்லும். கோப்பு இல்லையென்றால் 'கே' இணைப்பைத் தாண்டிச் செல்லும். சேவை உண்மையில் ஓடுகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது.

என் நிரல் நாள் முழுவதும் வரும் பதிவுகளை நினைவகத்தில் வைத்திருந்து, 'நிறுத்து' என்றதும் வட்டில் எழுதும். 'எஸ்', 'கே' இணைப்புகளைச் சரியாகவே வைத்திருந்தேன். சோதித்தபோதெல்லாம் கையால் நிறுத்தியதால் குறை தெரியவில்லை. அன்று நேரடியாகக் கணினியை அணைத்தேன். 'சப்சிஸ்' அடைவில் கோப்பு இல்லாததால் என் 'கே' இணைப்பு இயக்கப்படவே இல்லை. இறுதியில் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக அனுப்பப்படும் முடிவுச் சமிக்ஞை வந்தது. அதைக் கையாளும் வரி எழுதப்படாத பைத்தான் நிரல், எதையும் சேமிக்காமல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அப்படியே முடிந்தது.

தீர்வு இரண்டே வரி: தொடங்கும்போது கோப்பை உருவாக்கு, நிறுத்தும்போது அழித்துவிடு. கோப்பின் பெயரும், இணைப்பில் எழுத்தும் எண்ணும் போக எஞ்சும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவு வந்தவுடனே வட்டில் எழுதியிருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பாடம்.

டெபியனும் சிஸ்டம்டியும்

டெபியனின் பழைய வெளியீடுகள் வேறு வழியைக் கையாண்டன. முந்தைய நிலையின் அடைவில் 'எஸ்' இணைப்பு இருந்தால், சேவை ஓடிக்கொண்டிருப்பதாகவே கொண்டு மீண்டும் தொடங்குவதில்லை. இடையில் அந்தச் சேவை செத்துப்போயிருந்தாலும் நிலை மாற்றம் அதை எழுப்பாது. இங்கும் ஏடு ஒன்று சொல்லும். நடப்பு வேறாக இருக்கலாம்.

2010-இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் தொடங்கிய சிஸ்டம்டி இக்குறையைத் தீர்க்க முயன்றது. ஃபெடோரா 15 (2011), ரெட் ஹேட் 7 (2014), டெபியன் 8 (2015) ஆகியவை அதை ஏற்றுக்கொண்டன. இதில் எண்களுக்குப் பதிலாக இலக்குகள் உள்ளன. பழைய 3 பல்பயனர் இலக்காகவும், 5 வரைகலை இலக்காகவும் ஆயின. 'ஐசோலேட்' கட்டளையைத் தந்தால், புதிய இலக்குக்குத் தேவையற்றவை நிறுத்தப்படும், தேவையானவை தொடங்கப்படும், பொதுவானவை தொடப்படாமல் இருக்கும். ஒவ்வொரு சேவையின் நிரல்களையும் கருவே ஒரு குழுவாகக் கண்காணிப்பதால், பெயர் பதியும் பொறுப்பு நம்மிடம் இல்லை. ஆனாலும் நிறுத்தும்போது முடிவுச் சமிக்ஞைதான் முதலில் வரும். வழக்கமாக 90 விநாடிகள் காத்திருந்த பிறகே நிரல் கொல்லப்படும். அதைக் கேட்டுச் சேமிக்கத் தெரியாத நிரல் சிஸ்டம்டியிலும் தரவை இழக்கும்.

நிறைவுரை

நடந்ததை என் பாட்டியிடம் சொன்னேன். பேராக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். கணினி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பெரட்டுல பேரு விழலன்னா வெட்டுன மரத்துக்கும் சம்பளம் இல்ல, ஐயா" என்றார். நான் மூன்று பக்கங்களில் எழுதியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தொலைந்த சொற்களில் பாதிக்கு மேல் மீண்டும் கேட்டுப் பெற்றோம். மிக அதிகமாகச் சொன்ன மூதாட்டி அதற்குள் மகன் வீட்டுக்கு ஜொகூர் போய்விட்டார். தொலைபேசியில் அவருக்குச் சிலவே நினைவுக்கு வந்தன. தமிழ்ச் சொற்களைக் கணினியில் சேர்க்கும் பணியில் இறங்கும் நண்பர்கள், தொடங்கும் கட்டளையைச் சோதிப்பதுபோல் நிறுத்தும் கட்டளையையும் சோதியுங்கள். அதுவும் கையால் அன்று. கணினியை உண்மையாகவே அணைத்துச் சோதியுங்கள்.