எழுபது தாண்டினால் கைகழுவிவிடுவதா?

“பெரியவருக்கு எழுபத்தைந்து ஆயிடுச்சு. கீமோ கொடுத்தா அதிலேயே போயிடுவாரு, விட்டுடலாம்.” முற்றிய நுரையீரல் புற்றுநோயோடு வரும் குடும்பங்களில் இதைச் சொல்ல எங்கிருந்தாவது ஒரு மைத்துனர் வந்துவிடுகிறார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இதற்கு 1999-லேயே பதில் வந்துவிட்டது. இத்தாலியில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஒரு பிரிவுக்கு வினோரெல்பின் என்ற ஒற்றைக் கீமோ மருந்தைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சை மட்டும். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 32 சதவீதம், பெறாதவர்களில் 14. 2011-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 70 முதல் 89 வயதுவரை 451 பேர். ஒற்றை மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 6.2 மாதத்தைத் தாண்டினார்கள். கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் இரண்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 10.3 மாதத்தை. வெள்ளையணுக்கள் சரிவது இவர்களிடம் அதிகம், மருந்தால் நேர்ந்த மரணமும் சற்று அதிகம். அத்தனையும் போகத்தான் இந்த நான்கு மாதம்.

பிறந்த வருடத்தை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேளுங்கள். தானே குளித்து உடுத்துகிறாரா, பகலில் பாதி நேரம் படுக்கையிலா? ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தார்? இதயம், சிறுநீரகம் எப்படி? நோய் மூளைக்கோ கல்லீரலுக்கோ போயிருக்கிறதா? எழுந்து நடக்கவே முடியாதவருக்குக் கீமோ வேண்டாம் என்று நானே சொல்வேன். ஆனால் கட்டியில் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தால் அவருக்குக்கூட தினம் ஒரு மாத்திரை பலன் தரலாம். ‘வயசாச்சு’ என்று பரிசோதனையையே தட்டிக்கழித்தால் இது எப்படித் தெரியும்?

தட்டிக்கழிக்கச் சொல்லும் மற்றக் காரணங்களும் இப்படித்தான். பயாப்சி எடுத்தால் நோய் பரவும் என்பது வெறும் பயம். இனி பீடியை விட்டு என்ன பயன் என்பது சாக்கு. வலிநிவாரணச் சிகிச்சை என்றால் டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று அர்த்தமா? 2010-ல் பாஸ்டன் ஆய்வொன்றில் அதைத் தொடக்கத்திலேயே சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

நான்கு மாதம் சொற்பமா என்று தீர்மானிக்க வேண்டியவர் மைத்துனரும் அல்ல, நானும் அல்ல. பெரியவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்று ஃபைலோடு உள்ளே வராதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காது மந்தமென்றால் நான் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன்.