சிறுநீரில் உலோகம் பார்க்கப் போகிறீர்களா? டப்பாவைத் திறக்கும் முன் சில குறிப்புகள்

போன ஆடியில் என் நாத்தனார் போனில் அழுதாள். "அண்ணி, யூரின்ல ஆர்சனிக் ஏகத்துக்கும் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. போர் தண்ணியா இருக்குமோ? பசங்களும் அதைத்தானே குடிக்குதுங்க?" வீட்டுக்கே டப்பா அனுப்பி, மறுநாள் ஆள் வந்து வாங்கிப்போய், இருபதுக்கும் மேற்பட்ட உலோகங்களையும் தாதுக்களையும் அளந்து சொல்லும் பரிசோதனை அது. அவர்கள் தெருவில் அந்த வாரம்தான் கூழ் ஊற்றினார்கள். மூன்று நாள் கருவாட்டுக் குழம்பு, ஒருநாள் இறால் தொக்கு. சாப்பாட்டைப் பற்றி லேப்காரர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

இந்த மாதிரிப் பரிசோதனையில் தப்பு பெரும்பாலும் மெஷினில் நடப்பதில்லை. நம் வீட்டுச் சமையலறையிலும் பாத்ரூமிலும்தான் நடக்கிறது. அதனால் இந்தக் குறிப்புகள்.

1. "எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த உலோகத்தின் மேல் சந்தேகம், ஏன் சந்தேகம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுக்காரர் பேட்டரி உருக்கும் இடத்திலோ வெள்ளிப் பட்டறையிலோ வேலை செய்கிறாரா? முகத்துக்குப் பெயர் தெரியாத க்ரீம் பூசுகிறீர்களா? பற்பம், செந்தூரம் சாப்பிடுகிறீர்களா? இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008ல் வெளியிட்ட முடிவில், ஐந்தில் ஒன்றில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சாப்பிடும் மருந்தை மறைக்காமல் டப்பாவோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. காரீயத்துக்குச் சிறுநீர் சரிப்படாது. ரத்தம்தான் பார்க்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இதை மறக்கவே கூடாது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது 2021ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தேட வேண்டிய இடங்கள்: உரிந்து விழும் பழைய பெயின்ட், கடையில் வாங்கிய சுர்மா, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அதில் பயமில்லை. விலை மலிவு என்று காரீயம் கலந்ததை வாங்கிவிட்டால், புளி ரசம் அதைக் கரைத்துக் கொடுத்துவிடும். மஞ்சளையும் கவனியுங்கள். பங்களாதேஷில் நிறம் தூக்கலாகத் தெரிய லெட் குரோமேட் என்ற காரீயச் சாயம் பூசியது 2019ல் வந்த ஆய்வில் அம்பலமானது. அங்கே பூசியது முழு விரலி மஞ்சளின் மேல். ஆகவே பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கினால் போதும் என்று இருந்துவிட முடியாது. கண்ணைப் பறிக்கிற மஞ்சளைத் தவிர்த்துவிடுங்கள்.

3. டப்பா கொடுப்பதற்கு முன் ஐந்து நாள் மீன், கருவாடு, இறால், நண்டு, கணவாய், கடல்பாசி எதுவும் வேண்டாம். கடல் உணவில் இருக்கும் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற வடிவில் இருக்கும். அது உடம்பைக் கெடுக்காது, இரண்டு மூன்று நாளில் வெளியேறிவிடும். ஆனால் மொத்த ஆர்சனிக்கை அளக்கும் மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு நல்ல மீன் சாப்பாட்டுக்குப் பிறகு லிட்டருக்குப் பல நூறு மைக்ரோகிராம் காட்டினாலும் காட்டும். அப்படி வந்தால், வகை பிரித்துப் பார்க்கும் பரிசோதனை உண்டா என்று லேப்பில் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் வரும் கெட்ட ஆர்சனிக் எவ்வளவு என்பது அதில்தான் தெரியும்.

4. பாதரசத்துக்குச் சிறுநீர் பொருத்தமானது. அதிலும் ஆவியாக மூச்சில் போனதற்கும், க்ரீம் வழியாகத் தோலில் இறங்கியதற்கும்தான். பெரிய மீன்களிலிருந்து வரும் மெத்தில் பாதரசத்துக்கு ரத்தமோ தலைமுடியோ பார்க்க வேண்டும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரே மாதிரியான சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். க்ரீமில் இருந்தது பாதரசம். நம் பெண் பிள்ளைகள் இதைப் பூசிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. கால், முகம் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால், உலோகப் பரிசோதனைக்குப் பணம் சேர்க்காமல் அன்றே பக்கத்து லேப்பில் சாதாரண யூரின் புரோட்டீன் பாருங்கள். க்ரீமையும் அன்றே நிறுத்துங்கள்.

5. பீடி, சிகரெட் பிடிப்பவருக்குக் காட்மியம் கூடுதலாகத்தான் வரும். அது சிறுநீரகத்தில் பத்து, இருபது வருடம் தங்கும். இன்றைய அளவு பல வருடத்துப் புகையின் கணக்கு.

6. எவர்சில்வர் டம்ளரில் பிடித்து டப்பாவில் ஊற்றாதீர்கள். எவர்சில்வரில் நிக்கலும் குரோமியமும் இருக்கின்றன. லேப் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் பயன்படுத்துங்கள். மூடியின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள். குங்குமம், விபூதி, மை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பட்டறை வேலைக்குப் போகிறவர் குளித்து வேறு துணி மாற்றிய பிறகு கொடுக்கட்டும். அழுக்குச் சட்டையிலிருந்து உதிரும் தூசி போதும் ரிப்போர்ட்டைக் கெடுக்க. குழந்தைக்கு டயப்பர் புண்ணுக்குப் பூசும் வெள்ளை க்ரீமில் துத்தநாகம் இருக்கிறது, அதை நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம்.

7. 24 மணி நேரச் சிறுநீர் கேட்டால் பலர் தவறுவது முதல் தடவையில்தான். காலை 6 மணிக்கு எழுந்து போகும் முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்கக் கூடாது. அது நேற்றைய இரவுடையது, கழிப்பறையில் விட்டுவிட்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு விடாமல், மறுநாள் காலை 6 மணி வரை, மறுநாள் எழுந்ததும் போகும் சிறுநீரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். என் மாமியாருக்கு எடுத்தபோது பாத்ரூம் கதவில் உள்பக்கம், கண்ணுக்கு நேராக ஒரு சீட்டு ஒட்டினேன்: "அத்தை, கேன்!" அப்படியும் நடுராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டார். மறந்ததை மறைக்காமல் சொன்னார், மறுபடி ஆரம்பித்தோம். ஒரு தடவை விட்டுப்போனாலும் கணக்கு தப்பும். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை எடுங்கள். கேனுக்குள் ஏதாவது திரவம் இருந்தால் கீழே கொட்டாதீர்கள், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அமிலமாக இருக்கலாம். நேரடியாகக் கேனில் போகாமல் தனி பிளாஸ்டிக் மக்கில் பிடித்து ஊற்றுவதே பத்திரம்.

8. ஒரே ஒரு தடவை எடுத்த சிறுநீர் என்றால் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுத்தால் எல்லா உலோகமும் குறைவாகத் தெரியும். வெயிலில் அலைந்துவிட்டுக் கொடுத்தால் கூடுதலாகத் தெரியும். கிரியாட்டினினை வைத்துத்தான் இதைச் சரிசெய்கிறார்கள்.

9. ஸ்கேனுக்குச் சாய ஊசி போட்டுக்கொண்டீர்களா? நான்கு நாள் கழித்துக் கொடுங்கள். எம்ஆர்ஐ ஊசியில் கடோலினியம், சிடி ஊசியில் அயோடின். இரண்டும் அளவைக் குழப்பும்.

10. தாதுக்களில் வீட்டுக்கு நேரடியாகப் பயன்படுவது உப்புக் கணக்கு. நாம் சாப்பிடும் சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில்தான் போகிறது. 24 மணி நேர ரிப்போர்ட்டில் சோடியம் எத்தனை மில்லிமோல் என்று பார்த்து 17ஆல் வகுங்கள். ஒரு நாளில் சாப்பிட்ட உப்பு ஏறக்குறைய அத்தனை கிராம். 170 என்றால் 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் விழுகிற வீட்டில் இந்த ஒரு வகுத்தல் நிறையப் பேசும். கல் அடைப்பு வந்தவர்கள் அதே கேனில் கால்சியமும் பார்க்கலாம். அவர்களுக்குச் சிறுநீர் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டராவது போக வேண்டும். காரணம் தெரியாத மஞ்சள் காமாலையோடு ஒரு பிள்ளை இருந்தால், 24 மணி நேரத் தாமிரம் பார்க்கச் சொல்வார்கள். 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் வில்சன் நோய் என்று சந்தேகிப்பார்கள். இரும்புச்சத்துக்கு ரத்தத்தில் ஃபெரிட்டின் பாருங்கள். அயோடினை ஒரே ஒரு சிறுநீரில் பார்த்து ஒருவருக்குக் குறைவு என்று சொல்ல முடியாது. அது ஊருக்கே பார்க்கும் கணக்கு. துத்தநாக மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

11. சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பதறாதீர்கள். சாதாரண அளவு என்று போடுவது பொதுவாக நலமாக இருக்கும் 100 பேரில் 95 பேருக்கு இருக்கிற அளவு. 20 தனிமம் பார்த்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது வரம்பைத் தாண்டுவது சகஜம்.

12. மாத்திரையோ ஊசியோ கொடுத்து, உலோகத்தை வெளியே இழுத்துவிட்டு, அதற்குப் பிறகு சிறுநீர் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி இழுத்தால் யாருக்கும் கூடுதலாகத்தான் வரும். மருந்தில்லாத அளவோடு அதை ஒப்பிட்டு "உடம்பெல்லாம் விஷம்" என்பார்கள். அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் சங்கம் 2009லேயே இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. விஷத்தை எடுக்கிறோம் என்று மேற்கொண்டு ஏற்றும் மருந்தும் விளையாட்டல்ல. 2005ல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுப் பையனுக்கு அப்படி ஒரு மருந்தை ஏற்றியதில், ரத்தத்தில் கால்சியம் வீழ்ந்து, இதயம் நின்று, இறந்தே போனான்.

13. தண்ணீர் மேல் சந்தேகம் என்றால் தண்ணீரையே முதலில் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் விசாரியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடைத் தனியாகக் கேளுங்கள்; உலோகப் பட்டியலில் அது வராது.

14. மறுபடி எடுப்பதற்கும் நாள் பார்க்க வேண்டும். ஆர்சனிக்குக்கு ஐந்து நாள் போதும். பாதரசம் பாதியாகக் குறையவே இரண்டு மாதம் ஆகலாம். அடுத்த வாரமே எடுத்துப் பார்த்துக் கலங்க வேண்டாம். அதே லேப்பில் எடுத்து, அதே அலகில் ஒப்பிடுங்கள். நாத்தனார் ஆறு நாள் சாம்பாரும் மோர்க்குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தாள். ஆர்சனிக் சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தது. போர் தண்ணீரையும் பார்த்தார்கள், அதில் ஆர்சனிக் இல்லை. ரிப்போர்ட் வந்த சாயங்காலமே மீன் மார்க்கெட்டிலிருந்து போன் செய்தாள், வஞ்சிரம் என்ன விலை சொல்கிறான் என்று.