வரைபடத்தில் என்ன சொல் எழுதுவது?



ஊர் வரைபடம் போடுவது நமக்குப் புதிதல்ல. கோலமாவு, செங்கல் பொடி கொண்டு தரையில் தெருவும் கிணறும் வரைந்திருக்கிறோம். இப்போது கைப்பேசியிலேயே 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற வரைபடத்தில் நம் ஊரைப் பதியலாம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த உலக வரைபடத்தில் யாரும் சேர்க்கலாம், திருத்தலாம். இடத்தைக் குறித்துவிட்டு, அது என்ன என்று ஒரு குறிச்சொல் போட வேண்டும். அங்கேதான் கவனம் தேவை.

சென்ற கோடையில் ஒரு கிராமத்தில் மூன்று குழுக்களோடு சேர்ந்து தண்ணீர் உள்ள இடங்களைக் குறித்தோம். பதினோரு இடத்திலும் 'கிணறு' என்றே எழுதியிருந்தோம். அதைப் பார்த்த ஒரு பாட்டி, "ஏம்மா, இதுல குடிக்கிற தண்ணி எது? இத நம்பிக் குடத்தத் தூக்கிட்டுப் போனா உப்புத் தண்ணிதான கெடைக்கும்?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். குடிக்க ஆகும் கிணறு இரண்டுதான்! அப்படியே கிராம சபைக்குக் கொண்டு போயிருந்தால், "பதினோரு கிணறு இருக்கே, குழாய் எதுக்கு?" என்று கேட்டிருப்பார்கள்.

அன்று நாங்கள் கற்ற பாடம்:

1. பொருள் வேறு, குணம் வேறு. 'கிணறு' ஒரு பதிவு. குடிக்க ஆகுமா, அடிபம்பா மோட்டாரா, கோடையில் வற்றுமா என்பவை தனித்தனிப் பதிவுகள். இவற்றுக்கெல்லாம் அந்த வரைபடத்தில் தனிக் குறிச்சொல் உண்டு.

2. ஒரு பொருளுக்கு ஒரே சொல். மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் என்பதை செங்கல்பட்டுப் பக்கம் ஏரி என்பார்கள். ஒரு குழு இப்படியும் மறு குழு அப்படியும் எழுதினால் கணக்கு குழம்பும். குடிநீருக்கான ஊருணியையும் பாசனக் கண்மாயையும் 'குளம்' என்று ஒன்றாக்கிவிடாதீர்கள்.

3. பெயரும் வகையும் தனித்தனி. 'பிள்ளையார் கோயில் கிணறு' என்பது பெயர். 'கிணறு' என்பது வகை.

4. 'நல்ல கிணறு', 'பெரிய குளம்' என்று எழுத வேண்டாம். எதற்கு நல்லது? எவ்வளவு பெரியது? பார்த்ததை, விசாரித்ததை மட்டும் எழுதுங்கள்.

வரையப் போகும் முன் எல்லோரும் உட்கார்ந்து சொற்பட்டியலை முடிவு செய்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் சுமக்கிற பெண்களை முதலில் கேளுங்கள். எந்தக் கிணறு எப்போது வற்றும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் பேச ஒரு கேள்வி: உங்கள் ஊரில் ஒரே பெயரில் அழைக்கும் இரண்டு வேறு பொருள்கள் எவை?