மூடிய கதவின் பின்னால் ஆக்கப்படும் சட்டம்

ஒரு சட்டம் நல்லதாயிருந்தால் மட்டும் போதுமா? அல்லது அது ஆக்கப்படும் முறையும் நல்லதாயிருக்க வேண்டுமா? மக்களின் நன்மைக்காகவே ஒரு சட்டம் கொண்டுவரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உள்ளடக்கத்தை அவர்கள் முன்கூட்டியே அறியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்கு வெறும் தத்துவத்தைக் கொண்டு விடை தேடுவதிலும் பார்க்க, உண்மையில் நடந்த ஒன்றை எடுத்து ஆராய்வது பயன் தரும். ஐக்கிய அமெரிக்காவில் 2009ஆம், 2010ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற சுகாதாரச் சீர்திருத்த விவாதம் அதற்கு நல்லதோர் உதாரணம்.

பிரச்சினை என்ன?

நமது நாட்டில் நோயாளி ஒருவர் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனால் அவரிடம் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்பதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. முதியோருக்கு ‘மெடிக்கெயர்’, வறியோருக்கு ‘மெடிக்கெயிட்’ என்னும் அரசாங்கத் திட்டங்கள் 1965ஆம் ஆண்டு தொடக்கம் உண்டு. ஏனையோரில் பெரும்பாலானோர் தொழில் கொடுப்போர் மூலம் கிடைக்கும் தனியார் காப்புறுதியையே நம்பியிருக்கின்றனர். அக்காலத்தில் வேலை போனால் காப்புறுதியும் போயிற்று. தனியாகக் காப்புறுதி தேடிய நோயாளியைக் கம்பனிகள் ஏற்க மறுக்கவும் இடமிருந்தது. 2008ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 4 கோடியே 60 இலட்சம் பேர் எவ்வித காப்புறுதியுமின்றி இருந்தனர்.

ஆகவே சீர்திருத்தத்துக்கான தேவை உண்மையானது. இதை முதலில் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். நல்ல நோக்கம் இருந்தபோதும் முறை தவறினால் என்ன விளையும் என்பதையே நாம் பார்க்கப் போகிறோம்.

வாக்குறுதியும் நடைமுறையும்

1993இல் ஜனாதிபதி கிளின்ரன் தமது மனைவி ஹிலாரியின் தலைமையில் ஒரு குழுவை அமைத்துச் சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார். அக்குழு மூடிய கதவுக்குள் கூடியதை எதிர்த்து மருத்துவர் சங்கமொன்று நீதிமன்றம் சென்றது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தத் திட்டம் 1994 செப்டெம்பரில் கைவிடப்பட்டது.

இந்த அனுபவத்தைக் கண்ட ஒபாமா, சட்டமூலத்தை எழுதும் பொறுப்பைப் பெரும்பாலும் கொங்கிரசிடமே விட்டார். பேச்சுவார்த்தைகள் சீ-ஸ்பான் தொலைக்காட்சியில் எல்லாரும் காண நடைபெறும் என்றும் 2008ஆம் ஆண்டுத் தேர்தற் பிரசாரத்தில் வாக்களித்திருந்தார்.

நியாயமாகச் சொல்வதானால், பலவும் பகிரங்கமாகவே நடந்தன. குழுக்கள் மாதக்கணக்காய்க் கூடி விவாதித்தன. சட்டமூலங்களின் வாசகம் வெளியிடப்பட்டது. கட்சி சாராத கொங்கிரஸ் வரவுசெலவு அலுவலகம் செலவு மதிப்பீடுகளை வெளியிட்டது. ஆனால் முக்கியமான கொடுக்கல் வாங்கல்கள் வேறிடத்தில் நடந்தன. 2009 கோடையில் மருந்துக் கம்பனிகளின் சங்கம் பத்தாண்டுகளில் 8,000 கோடி டொலரை மிச்சப்படுத்த உதவுவதாக இணங்கியது. அதற்குப் பதிலாக அரசாங்கம் எவற்றை விட்டுக்கொடுத்தது என்பது பொதுமக்களுக்கு அப்போது முழுமையாகத் தெரியவில்லை. செனற் சபையில் தேவையான 60ஆவது வாக்கைப் பெறுவதற்காக நெப்ராஸ்கா மாநிலத்துக்கு மட்டும் ‘மெடிக்கெயிட்’ செலவில் தனிச் சலுகையொன்று சேர்க்கப்பட்டது. 2009 டிசம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல் நாட் காலையில், 60க்கு 39 என்ற வாக்குகளால் சட்டமூலம் செனற்றில் நிறைவேறியது.

ஆறு நாட்களின் பின், டிசம்பர் 30ஆம் திகதி, சீ-ஸ்பான் நிறுவனத்தின் தலைவர் பிரையன் லாம் கொங்கிரஸ் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். இரு சபைகளின் சட்டமூலங்களையும் ஒன்றாக்கும் பேச்சுக்களுக்குத் தமது கமெராக்களை அனுமதிக்கும்படி கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. 2010 ஜனவரி 19இல் மசாசுசெற்ஸ் மாநில இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சி வென்றது. ஜனநாயகக் கட்சியின் அறுபது வாக்குப் பலம் போயிற்று.

இருட்டில் வளரும் வதந்தி

மக்கள் ஆயிரம் பக்கச் சட்டமூலத்தை வாசிப்பதில்லை. அதை எளிய மொழியில் எடுத்துச் சொல்லவேண்டிய கடமை அதனைக் கொண்டுவருவோருக்கு உண்டு. அவர்கள் சொல்லாதபோது வேறு யாராவது சொல்வார்கள்.

பிரதிநிதிகள் சபையின் சட்டமூலத்தில் ஒரு சிறு பிரிவு இருந்தது. முதியவர் ஒருவர் தமது இறுதிக் காலத்தில் எத்தகைய சிகிச்சையை விரும்புகிறார் என்று மருத்துவருடன் கலந்து பேசினால், அந்த நேரத்துக்குரிய கட்டணத்தை ‘மெடிக்கெயர்’ கொடுக்கும் என்பதே அதன் சாரம். பேசுவதும் விடுவதும் முதியவரின் விருப்பம். 2009 ஆகஸ்டில், சேரா பேலின் என்ற அரசியற் பிரமுகர், யார் வாழத் தகுந்தவர் என்று தீர்ப்பளிக்கும் ‘மரணக் குழுக்கள்’ வரப்போவதாக எழுதினார். அப்படியொரு குழு சட்டமூலத்தில் எங்கும் இல்லை. ஆயினும் அச்சம் காட்டுத்தீப் போல் பரவியது. கடைசியில் அந்தப் பிரிவே கைவிடப்பட்டது. அத்தகைய கலந்துரையாடலுக்கு ‘மெடிக்கெயர்’ தனியாகக் கட்டணம் வழங்கத் தொடங்கியது 2016 ஜனவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் நட்டப்பட்டவர்கள் அரசியல்வாதிகள் அல்லர், நோயுற்ற முதியவர்களே.

வதந்தி எதிர்ப்பாளரிடமிருந்து மட்டும் வரவில்லை. இப்போதுள்ள காப்புறுதியை விரும்பினால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா பலமுறை உறுதி கூறினார். 2013இல் இலட்சக்கணக்கானோருக்குத் தங்கள் காப்புறுதி ரத்தாகிறது என்ற அறிவித்தல் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஜனாதிபதி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எதிரியின் பொய்யைக் கண்டிப்பவர் தமது மிகைக் கூற்றையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டமூலத்தில் என்ன இருக்கிறதென்று அறிய அதை நிறைவேற்ற வேண்டும் என்று சபாநாயகர் நான்சி பெலோசி 2010 மார்ச்சில் சொன்னதாக இன்றும் எடுத்துக்காட்டுவர். சர்ச்சை என்னும் மூடுபனி விலகியபின் மக்கள் அதன் பயனைத் தெளிவாகக் காண்பர் என்ற கருத்தும் அதே வாக்கியத்தில் இருந்தது. அதை விட்டுவிடுவர். பாதி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வாதிடுவதும் உண்மைக்குச் செய்யும் அநீதியே. ஆனால் சபாநாயகர் வாயில் அத்தகைய வாக்கியம் வந்ததே, மக்களுக்கு விளக்கும் வேலை எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதற்குச் சான்று.

பொதுசன அபிப்பிராயம் என்பது எது?

மக்கள் இச்சட்டத்தை விரும்பவில்லை என்றனர் ஒரு சாரார். விரும்புகின்றனர் என்றனர் மறுசாரார். இருவரும் கருத்துக் கணிப்புகளையே ஆதாரம் காட்டினர். இது எப்படி?

சட்டத்தை முழுமையாகக் காட்டி ஆதரிக்கிறீர்களா என்று கேட்டபோது மக்கள் இரண்டாய்ப் பிரிந்து நின்றனர். பிரிவு பிரிவாய்க் கேட்டபோது விடை மாறியது. நோயுள்ளவரைக் கம்பனிகள் மறுக்கக் கூடாது என்பதையும், 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் காப்புறுதியில் இருக்கலாம் என்பதையும் பெரும்பாலானோர் விரும்பினர். ஒவ்வொருவரும் காப்புறுதி எடுத்தே தீரவேண்டும், இல்லையேல் தண்டப்பணம் என்ற பிரிவைப் பலர் வெறுத்தனர். எனவே கணிப்பின் முடிவை வாசிக்கும்போது, கேட்கப்பட்ட கேள்வி என்ன என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

2010 மார்ச் 21இல் பிரதிநிதிகள் சபை 219க்கு 212 என்ற வாக்குகளால் சட்டமூலத்தை ஏற்றது. குடியரசுக் கட்சியினர் ஒருவரேனும் ஆதரிக்கவில்லை. 23ஆம் திகதி ஒபாமா கையொப்பமிட்டார். நெப்ராஸ்காவின் தனிச் சலுகை, 30ஆம் திகதி கையொப்பமிடப்பட்ட திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. வெளிச்சம் பட்டதும் நிற்க முடியாத ஏற்பாடு அது. அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 ஆசனங்களை மேலதிகமாகப் பெற்றது.

இது ஒரு கட்சியின் குற்றம் மட்டுமா? இல்லை. 2003 நவம்பரில் குடியரசுக் கட்சியினர் ‘மெடிக்கெயர்’ மருந்துச் சட்டத்தை நிறைவேற்றியபோது, விடியற்காலை மூன்று மணியளவில் தொடங்கிய வாக்கெடுப்பை ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் நீடித்தனர். அரசாங்கத்தின் கணக்காய்வு நிபுணர் கணித்த உயர்ந்த செலவுத் தொகை கொங்கிரசுக்கு மறைக்கப்பட்டது. 2017இல் ஒபாமாவின் சட்டத்தை நீக்க முயன்ற செனற் தலைவர்களும் தமது சட்டமூலத்தைக் கதவடைத்தே எழுதினர். அம்முயற்சி ஜூலை 28ஆம் திகதி 49க்கு 51 என்று தோற்றது. எதை இழக்கப்போகிறோம் என்று மக்கள் கண்ட அவ்வாண்டிலேதான், கணிப்புகளில் சட்டத்துக்கான ஆதரவு எதிர்ப்பை மிஞ்சியது.

கத்தோலிக்கர் நடுவே எழுந்த கருத்து வேறுபாடு

இவ்விவாதம் திருச்சபையையும் தொட்டது. எல்லாருக்கும் மருத்துவ வசதி வேண்டும் என்று அமெரிக்க ஆயர்கள் நெடுங்காலமாய்க் கேட்டு வந்தவர்கள். கருக்கலைப்புக்கு அரசாங்கப் பணம் செல்லாதிருக்க வகை செய்யும் திருத்தமொன்று 2009 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 240க்கு 194 என்று நிறைவேறியது. செனற் வாசகத்தில் அத்திருத்தம் இல்லை. எனவே ஆயர் பேரவை இறுதிச் சட்டமூலத்தை எதிர்த்தது. கத்தோலிக்க வைத்தியசாலைகளின் சங்கமோ, அருட்சகோதரி கரோல் கீகனின் தலைமையில், அச்சட்டமூலத்தை ஆதரித்தது. மார்ச் 24இல் ஜனாதிபதி இதுபற்றித் தனி ஆணையொன்றைப் பிறப்பித்தார். அது போதாது என்றே ஆயர்கள் கருதினர்.

இங்கே நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. இரு சாராரும் ஒரே வாசகத்தை வாசித்தே வாதிட்டனர். எந்தப் பிரிவு என்ன விளைவைத் தரும் என்று சுட்டிக்காட்டிப் பேசினர். வாசகம் வெளியில் இருந்தமையாலேயே இது முடிந்தது. பகிரங்கத் தன்மை கருத்து வேறுபாட்டை ஒழிப்பதில்லை. அதை நேர்மையானதாக்குகிறது. பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட ‘அவனியில் அமைதி’ என்னும் திருமடல், மருத்துவ வசதி பெறும் உரிமையையும் பொது விடயங்கள் பற்றி உண்மையான தகவல் பெறும் உரிமையையும் மனித உரிமைகளின் வரிசையிலே வைக்கிறது. ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றதைப் பறிக்கலாம் என்று அது சொல்லவில்லை.

ஓர் ஆட்சேபம்

எல்லாமே கமெராவின் முன் நடந்தால் விட்டுக்கொடுப்பு எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. 2010 பெப்ரவரி 25இல் ஜனாதிபதியும் இரு கட்சித் தலைவர்களும் தொலைக்காட்சிக்கு முன் ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் பேசினர். பேச்சு நடந்தது, இணக்கம் பிறக்கவில்லை. மாறாக, 1787இல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் இரகசியமாகவே கூடினர்.

ஆனால் 1787இல் எழுதி முடித்த வாசகம் உடனே நாடெங்கும் அச்சிடப்பட்டது. மாநிலங்கள் தோறும் மாதக்கணக்காய் விவாதிக்கப்பட்ட பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. எனவே வேறுபாட்டைத் தெளிவாய் வைத்துக்கொள்வோம். பிரதிநிதிகள் தனியறையிற் கூடிப் பேசுவது குற்றமல்ல. பேசி முடித்ததன் வாசகத்தையும், விலையையும், காரணத்தையும் வாக்கெடுப்புக்கு முன் மக்களிடமிருந்து மறைப்பதே குற்றம்.

வாசகரின் கடமை

எந்தச் சட்டமூலம் வந்தாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்:

1. இதன் முழு வாசகம் வெளியாகிவிட்டதா? வாசித்து ஆராயப் போதிய நாட்கள் உண்டா?

2. இதற்கு ஆகும் செலவை, கொண்டுவந்தவரைச் சாராத ஒருவர் கணக்கிட்டாரா?

3. யாருக்காவது தனிச் சலுகை உண்டா? அதற்குக் காரணம் பகிரங்கமாய்ச் சொல்லப்பட்டதா?

4. இதைப்பற்றி நான் கேள்விப்பட்ட செய்தி எந்தப் பிரிவில் இருக்கிறது? காட்ட முடியாவிட்டால் அதை நான் மற்றவருக்குச் சொல்லலாமா?

முதல் மூன்றும் ஆட்சியாளரை நோக்கியவை. நான்காவது நம்மை நோக்கியது. மூடிய கதவைத் தட்டும் உரிமை நமக்கு உண்டு. கதவு திறந்த பின் உள்ளேயிருப்பதைப் பொறுமையோடு வாசிக்கும் கடமையும் நமக்கே உண்டு.