வெயிலைத் தாமதப்படுத்தும் நகரங்கள்

மாணவர்களே, ஆப்பிரிக்காவின் தேசப்படத்தை எடுத்து முன்னே விரித்து வையுங்கள். மத்தியதரைக் கடலுக்குத் தெற்கே, சகாரா பாலைவனத்தின் வட விளிம்பில் லிபியா, துனீசியா, அல்ஜீரியா, மொராக்கோ ஆகிய நாடுகளைக் காண்பீர்கள். இங்கே தொன்றுதொட்டு வாழ்பவர்கள் பெர்பர் மக்கள். அந்தப் பெயர் பிறர் இட்டது. அவர்கள் தம்மை 'இமாசிகன்' என்றே சொல்லிக்கொள்கின்றனர். ஏழாம் நூற்றாண்டில் அரபு மக்கள் இங்கு வந்தனர். முதலில் போர், பிறகு கலப்பும் வணிகமும். இரு சாராரும் எழுப்பிய நகரங்கள் பல இன்றும் நிற்கின்றன.

அவற்றுள் சிலவற்றைச் சுற்றிப் பார்க்கலாம், வாருங்கள். சுற்றுலா வழிகாட்டியாக இருந்தால் அரண்மனைகளையும் கம்பளக் கடைகளையும் காட்டுவார். பௌதிக ஆசிரியன் கூட வந்தால் சுவரின் கனத்தையும் வாய்க்காலின் சரிவையும்தான் காட்டுவான். ஒரு வெப்பமானி, ஓர் அளவு நாடா, இவை போதும்.

கைரவான்: தெளிய வைத்த நீர்

துனீசியாவில் உள்ள கைரவான் 670-ஆம் ஆண்டில் உக்பா இப்னு நாஃபி என்னும் அரபுத் தளபதி அமைத்த பாசறை நகரம். சமவெளியின் நடுவே இருக்கிறது, ஆறு இல்லை. ஆகவே ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட அக்லபித் மன்னர்கள், மேற்கே உள்ள குன்றுகளிலிருந்து கால்வாய் மூலம் நீர் கொணர்ந்து பெரும் தொட்டிகளில் சேமித்தார்கள். 860-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அத்தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். பெரிய தொட்டியின் விட்டம் சுமார் 128 மீட்டர், ஆழம் ஏறக்குறைய 5 மீட்டர். அதை ஒட்டி ஒரு சிறிய தொட்டியும் இருக்கிறது.

சிறிய தொட்டி எதற்கு? குன்றிலிருந்து வரும் நீர் மணலையும் வண்டலையும் சுமந்து வரும். நீரோட்டத்தின் குறுக்குப் பரப்பையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வரும் தொகை எங்கும் மாறாது என்று படித்திருக்கிறீர்கள். குறுகிய கால்வாயில் வேகமாக வந்த நீர், அகன்ற தொட்டியில் நுழைந்ததும் மெதுவாகிவிடுகிறது. மெதுவான நீரால் மணலைச் சுமக்க இயலாது. மணல் அடியில் படியும், தெளிந்த நீர் பெரிய தொட்டிக்குச் செல்லும். நம் குடிநீர் நிலையங்களில் உள்ள படிவுத் தொட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. இவ்வூர்ப் பெரிய பள்ளிவாசலின் முற்றமும் மழைநீரை ஏந்துவதற்காகவே சரிவாக அமைக்கப்பட்டுள்ளது. நீர் வடியும் வாயைச் சுற்றி, தூசியையும் மண்ணையும் பிடித்து வைக்கும் சிறு குழிகளைப் பளிங்கில் செதுக்கியிருக்கிறார்கள்.

இத்தொட்டியில் ஒரு குறை உண்டு. அது திறந்த தொட்டி. நீர்ப்பரப்பு ஏறக்குறைய 12,900 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் சுமார் 64,000 லிட்டர் வானத்துக்குப் போய்விடும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்; மராகேஷில் இதற்கு விடை கிடைக்கும்.

கதாமெஸ்: நள்ளிரவில் வந்து சேரும் நண்பகல்

தெற்கு நோக்கிப் போனால், துனீசியாவும் அல்ஜீரியாவும் லிபியாவைத் தொடும் முனையில் கதாமெஸ் என்னும் பழைய பெர்பர் ஊர் இருக்கிறது. சகாராவைக் கடந்து வந்த வணிகச் சாத்துகள் இளைப்பாறிய இடம். ஓர் ஊற்றும் அதைச் சுற்றிய பேரீச்சந்தோப்புமே இதன் உயிர். கோடையில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியசைத் தாண்டும்.

ஊருக்குள் நுழைந்தால் தெருவே தெரியாது. சந்துகளின் மேல் வீடுகள் கட்டப்பட்டிருப்பதால் அவை சுரங்கங்கள் போலத் தோன்றும். ஆங்காங்கே கூரையில் விடப்பட்ட திறப்புகள் வழியாக ஒளி இறங்குகிறது. சூடான காற்று மேலேறி வெளியே போகிறது. இது வெப்பச் சலனம். வீட்டின் நடுக்கூடத்துக்கும் கூரையில் ஒரே ஒரு திறப்புத்தான். அதன் வழியே வரும் சிறிதளவு ஒளியைச் சுவரில் மாட்டிய கண்ணாடிகளும் பித்தளைத் தட்டுகளும் அறையெங்கும் சிதறடிக்கின்றன. கூரைகள் பெண்களின் உலகம். ஒரு வீட்டுக் கூரையிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கீழே இறங்காமலே போகலாம்.

இப்போது சுவருக்கு வருவோம். அது பச்சைச் செங்கல்லால் ஆன கனத்த சுவர். வெயில் படும் வெளிப்பக்கத்தின் வெப்பநிலையை மணிக்கு மணி குறித்து வரைபடம் வரைந்தால், 24 மணி அலைவு நேரம் உள்ள ஓர் அலை கிடைக்கும். இந்த வெப்ப அலை சுவருக்குள் மெல்ல நகர்கிறது. நகரும்போது அதற்கு இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன: வீச்சு குறைகிறது, காலம் தாமதமாகிறது. உலர்ந்த மண்ணுக்கான அளவு தோராயமாக இதுதான்: ஒவ்வொரு 12 செ.மீ. தடிமனைக் கடக்கும்போதும் வீச்சு நூற்றில் 37 பங்காகச் சுருங்கும். ஏறக்குறைய 4 மணி நேரம் தாமதமாகும்.

வெளிப்பக்கம் சராசரிக்கு மேலும் கீழும் 20 டிகிரி ஊசலாடுவதாகக் கொள்வோம். 12 செ.மீ. உள்ளே அது 7.4 டிகிரி. 24 செ.மீ. உள்ளே 2.7. 36 செ.மீ. உள்ளே 1 டிகிரிதான்! தாமதமோ சுமார் பதினொன்றரை மணி நேரம். பிற்பகல் 2 மணிக்கு வெளியே உச்சத்தை எட்டிய வெப்பம், இரவு ஒன்றரை மணிக்குத்தான் உட்பக்கத்தை அடைகிறது. அதுவும் ஆள் மெலிந்து வருகிறது. அந்நேரத்தில் மேகமற்ற பாலைவன வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசிக் கூரைகள் குளிர்ந்து போயிருக்கும். (அறைக்காற்றின் விளைவை விட்டுவிட்ட எளிய கணக்கு இது. உங்கள் வீட்டு மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் மாலை 4 மணிக்கும், 7 மணிக்கும், 10 மணிக்கும் கையை வைத்துப் பாருங்கள், தாமதம் தெரியும்.)

கான்கிரீட் என்றால் என்ன ஆகும்? 12 செ.மீ. என்ற அளவு சுமார் 14 செ.மீ. ஆகும், அவ்வளவே வேறுபாடு. எனவே கான்கிரீட்டை மட்டும் பழிப்பது சரியன்று. குற்றம் மெல்லிய தடிமனில்தான் இருக்கிறது. 12 செ.மீ. கான்கிரீட் கூரையைக் கடந்த பிறகும் 8 டிகிரிக்கு மேல் ஊசலாட்டம் மிஞ்சும். பிற்பகல் 2 மணி வெப்பம் மாலை ஐந்தரைக்கே தலைமேல் இறங்கிவிடும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கனத்த சுவர் குளிரூட்டும் இயந்திரம் அன்று. ஊசலாட்டத்தைத்தான் அது அடக்கும், சராசரியைக் குறைக்காது. சராசரியைக் குறைப்பது நிழல்: மூடிய சந்துகளும், ஒன்றையொன்று ஒட்டிய வீடுகளும், சுற்றியுள்ள பேரீச்சையும். சுவர், சந்து, தோப்பு மூன்றும் சேர்ந்த ஒரே கருவி அது. 1980-களில் அரசு ஊருக்கு வெளியே புது வீடுகள் கட்டித் தந்தது. மின்சாரமும் குழாய்நீரும் உள்ள அவற்றுக்கு மக்கள் குடிபெயர்ந்தனர். ஆனால் கோடை வந்ததும் பலர் பழைய வீடுகளைத் தேடி வந்தனர். வெப்பமானி இல்லாமலே அவர்கள் செய்த சோதனை அது. பழைய ஊர் 1986-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 2016-இல் ஆபத்தில் உள்ளவற்றின் வரிசையில் வைக்கப்பட்டு, 2025-இல் அதிலிருந்து நீக்கப்பட்டது.

கைரவானிலிருந்து வரும் வழியில் மத்மாத்தா என்னும் பெர்பர் ஊரையும் எட்டிப் பார்த்திருக்கலாம். அங்கே பூமியில் 7 மீட்டர் வரை ஆழமான பள்ளம் தோண்டி, அதன் பக்கங்களில் அறைகளைக் குடைந்து வாழ்ந்தனர். நாள் அலைக்கு 12 செ.மீ. என்றால், அதைப் போல் 365 மடங்கு நீண்ட ஆண்டு அலைக்கு? 365-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்; சுமார் 2.3 மீட்டர் கிடைக்கும். 7 மீட்டர் மண்ணுக்கு அடியில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. கோடையின் வெப்பம் அங்கே போய்ச் சேர அரை ஆண்டு ஆகும், அதாவது குளிர்காலத்தில்! பள்ளம் திறந்திருப்பதால் கணக்கு அப்படியே பலிக்காது என்பது உண்மை. ஆனால் கோடை நண்பகலில் அந்த அறைகளுக்குள் இறங்குபவர் இதை உடனே உணர்வார்.

கர்தாயா: கல்லில் வெட்டிய பங்கு

மேற்கே அல்ஜீரியாவில், அல்ஜியர்ஸ் நகருக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீட்டரில் மிசாப் பள்ளத்தாக்கு. இபாதி என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த பெர்பர்கள் பகைவருக்கு அஞ்சி இங்கே ஒதுங்கி, பதினோராம் நூற்றாண்டு முதல் ஐந்து ஊர்களை அமைத்தனர். கர்தாயா அவற்றுள் பெரியது. ஒவ்வோர் ஊரும் பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. உச்சியில் பள்ளிவாசல், அதைச் சுற்றி வளையம் வளையமாக வீடுகள். அண்டை வீட்டின் வெயிலை மறைக்கும் உயரத்துக்கு யாரும் கட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

ஏன் குன்றின் மேல்? பாதுகாப்பு ஒரு காரணம். கீழே உள்ள பள்ளத்தாக்கு வெள்ளத்துக்கும் தோப்புக்கும் உரியது என்பது மற்றொன்று. ஆற்றில் சில ஆண்டுகளில் நீரே வராது. வந்தால் ஒரே நாளில் பெருக்கெடுக்கும். அந்த வெள்ளத்தை அணைகளால் தடுத்து, கிணறுகளில் ஊறச் செய்து, மீதியைத் தோப்புகளுக்குப் பங்கிட்டார்கள். பங்கிடும் முறைதான் என் மனத்தைக் கவர்ந்தது. வாய்க்காலின் குறுக்கே கல்வரிசை நட்டு, இடையே சீப்பின் பற்களைப் போல் இடைவெளிகள் விடுவார்கள். எல்லா இடைவெளிகளிலும் நீர்மட்டம் ஒன்றே. ஆகவே இரு மடங்கு அகலமான இடைவெளியில் இரு மடங்கு நீர் செல்லும். தோப்பின் அளவுக்கு ஏற்ப இடைவெளி. விரலால் அளந்தே யாரும் சரிபார்க்கலாம். வட்டத் துளைகள் வைத்திருந்தால் விட்டம் இரட்டித்தபோது பரப்பு நான்கு மடங்காகிச் சண்டை வந்திருக்கும்!

காலப்போக்கில் ஊர் பெருகிப் பள்ளத்தாக்கிலும் ஆற்றோரத்திலும் வீடுகள் வந்தன. 2008 அக்டோபர் முதல் தேதி பெருமழை பெய்தது. வெள்ளம் தன் பழைய வழியிலேயே வந்தது. 30-க்கு மேற்பட்டோர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர்.

மராகேஷ்: பூமிக்கடியில் ஓர் ஆறு

கடைசியாக மொராக்கோ. மராகேஷை 1070-ஐ ஒட்டி அமைத்தவர்கள் அல்மொராவிது என்னும் பெர்பர் அரச மரபினர். பனி மூடிய அட்லஸ் மலை தொலைவில் தெரிகிறது. ஆனால் நகரம் வறண்ட சமவெளியில். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு யூனுஸ் என்னும் பொறியாளர் இங்கே 'கத்தாரா' என்னும் சுரங்க வாய்க்காலைக் கொண்டுவந்ததாக அக்காலப் புவியியல் அறிஞர் அல் இத்ரீசி எழுதியிருக்கிறார். பாரசீகத்தில் 'கனாத்' எனப்படுவது இதுவே. மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரிலும் முகலாயர் காலத்தில் அமைத்த இவ்வகைச் சுரங்கங்கள் உள்ளன.

மலையடிவாரத்தில் நீர் கிடைக்கும் ஆழம் வரை கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து நகரை நோக்கி, தரையின் சரிவைவிடக் குறைந்த சரிவில் சுரங்கம் வெட்டுவார்கள். நீர்மட்டம் 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தரை 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிகிறது. சுரங்கம் 500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிகிறது என்று கொள்ளுங்கள். 3,750 மீட்டர் சென்றதும் சுரங்கம் தானாகவே தரைக்கு வந்துவிடும். இறைக்க மாடு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஈர்ப்பு விசையே போதும். சரிவு மிகுந்தால் நீர் சுவரை அரிக்கும். குறைந்தால் வண்டல் படியும். வெயில் படாததால், கைரவானில் நாம் கணக்கிட்ட ஆவியாதல் இழப்பும் பெரும்பாலும் இல்லை.

நூற்றுக்கணக்கான கத்தாராக்கள் இந்நகரையும் இதன் தோப்புகளையும் வளர்த்தன. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் பம்புகள் வந்தன. நிலத்தடி நீர்மட்டம் சுரங்கத்தின் தொடக்கத்தைவிடக் கீழே இறங்கியது. அதற்குப் பின் ஈர்ப்பு விசையால் என்ன செய்ய முடியும்? பெரும்பாலானவை வறண்டுவிட்டன.

நகரின் மதில் இடித்து இறுக்கிய செம்மண்ணால் ஆனது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2023 செப்டம்பர் 8 இரவு, தென்மேற்கே அட்லஸ் மலையில் 6.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறக்குறைய 3,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மலையூர்களைச் சேர்ந்தவர்கள். மராகேஷின் மதிலிலும் சில பகுதிகள் சிதைந்தன. மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மேலும், விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கியது. வெயிலைத் தாமதப்படுத்திய அந்தக் கனமே, தரை ஆடியபோது சுவரைத் தள்ளும் விசையைப் பெருக்கியது. அதன் பிறகு, இடிந்த வீடுகளைச் சிமென்டால் கட்டுவதா, சுற்றிலும் பட்டிகள் இட்டு வலுவேற்றிய மண்ணால் கட்டுவதா என்ற வாதம் எழுந்தது. அம்மலையூர்களில் 15 செ.மீ. கான்கிரீட் சுவர் எழுப்பினால், கோடையில் உள்ளே ஊசலாட்டம் எவ்வளவு இருக்கும்? வேண்டிய எண்கள் எல்லாம் மேலே உள்ளன, கணக்கிட்டுப் பாருங்கள்.